இங்கிலாந்தின் ஏரி மாவட்டம்: பழைய பயண நூல்களில் எவற்றை வாசிக்கலாம்?

கேள்வி

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தைப் பற்றிய பழைய பயண எழுத்துகளைத் தேடி வாசித்து வருகிறேன். 1720களில் வெளியான தம் நூலில் டேனியல் டீஃபோ, அங்குள்ள வெஸ்ட்மோர்லாந்தைத் தாம் கடந்தவற்றுள் மிகக் கரடான, விளைவற்ற, அச்சமூட்டும் பகுதி என்று எழுதுகிறார். நூறாண்டு கழிவதற்குள் அதே மலைகளைப் போற்றிக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் வழிகாட்டி நூலே எழுதிவிடுகிறார். இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள உதவும் நூல்களை நண்பர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரே 1769-இல் மேற்கொண்ட பயணத்தின் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். உடன் செல்லவிருந்த நண்பர் வார்ட்டன் நோயுற்றதால், அவருக்கு எழுதிய கடிதங்களாகவே அவை அமைந்தன. பாரோடேல் பள்ளத்தாக்கின் வாயிலில் தலைக்குமேல் தொங்கும் பாறைகளைக் கண்டதும், பனிச்சரிவுக்கு அஞ்சி வாய்திறவாமல் கடக்க வேண்டிய ஆல்ப்ஸ் மலைவழிகள் கிரேயின் நினைவுக்கு வருகின்றன. டீஃபோவின் அச்சம் இங்கும் இருக்கிறது. ஆனால் அது மக்கள் விரும்பித் தேடிச்செல்லும் அச்சமாகிவிட்டது.

காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கையடக்கமான குவிந்த கண்ணாடியில் அதன் பிம்பத்தை ஓவியம்போல் ரசிப்பது அக்கால வழக்கம். அக்கண்ணாடியைக் கையில் ஏந்தியபடியே சேற்றுப் பாதையில் மல்லாந்து விழுந்து, விரல் மூட்டுகள் அடிபட்டதைக் கிரே தாமே எழுதியிருக்கிறார். அடுத்து, எந்த ஏரியை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று இடங்களை வகுத்துத் தந்த தாமஸ் வெஸ்ட்டின் 1778-ஆம் ஆண்டு வழிகாட்டியை வாசியுங்கள். விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் அவர் குறித்த இடமொன்றில், 1790களில் பார்வைக்கூடமே கட்டினார்கள்.

மறுமொழி 2

மேலே கூறப்பட்டது சரியே. எனினும் கிரே வந்துபோனவர் என்பதை மறக்கலாகாது. வேர்ட்ஸ்வொர்த்தோ அங்கேயே வாழ்ந்தவர். 1810-இல் ஜோசப் வில்கின்சனின் படத்தொகுப்புக்குப் பெயர் குறிப்பிடாத முன்னுரையாக வெளிவந்த அவருடைய நூல், 1835 வரை திருத்தி விரிக்கப்பட்டது. பாறையிலிருந்து தாமே முளைத்தவைபோல் தோன்றும் குடியானவர் வீடுகளைப் பாராட்டும் அவர், பிற்காலத்தில் எழும்பிய வெள்ளை வீடுகளையும் லார்ச் மரத் தோட்டங்களையும் கடுமையாகச் சாடும் பகுதிகளே, என் மதிப்பீட்டில், அந்நூலின் உயிர்.

இன்னொன்று: 1818-இல் ஸ்காஃபெல் பைக் சிகரத்தில் ஏறிய வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டொரதி எழுதிய கடிதம் அந்நூலின் 1822-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றபோது, அவர் பெயர் அதில் இல்லை. ஆகவே டொரதியின் கிராஸ்மியர் நாட்குறிப்புகளையும் உடன் வைத்தே வாசிக்க வேண்டும். அல்ஸ்வாட்டர் கரையில் இருவரும் டாஃபோடில் மலர்களைக் கண்ட 1802 ஏப்ரல் 15-ஆம் நாளின் பதிவு, 1807-இல் அச்சேறிய வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற டாஃபோடில் கவிதைக்கு முந்தியது. அதில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே நடக்கிறார்கள், கவிதையிலோ அவர் தனியாக அலைகிறார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பார்க்கும் கண்ணும் துய்க்கும் நெஞ்சும் உள்ள எவருக்கும் உரிமையுள்ள தேசியச் சொத்து என்று அப்பகுதியைப் பற்றி எழுதிய வேர்ட்ஸ்வொர்த்தே, கெண்டல்–விண்டர்மியர் ரயில் பாதையை 1844-இல் எதிர்த்தாராமே? இது முரண் அல்லவா?

மறுமொழி 2

முரண்தான். இயற்கையை ரசிக்கும் பழக்கம் படிப்படியாகவே வரும், ரயிலில் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் வாராது என்பது அவர் வாதம். அதில் மேட்டிமை தொனிப்பதை மறுக்க இயலாது. 1847-இல் பாதை திறக்கப்பட்டது. அங்குள்ள ஆம்பிள்சைடு ஊரில் குடியேறிய எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோ, ரயிலின் வரவை நல்ல மாற்றமாகக் கண்டவர். அவருடைய 1855-ஆம் ஆண்டு வழிகாட்டியை இறுதியாக வாசித்தால், வேர்ட்ஸ்வொர்த்துக்கு உள்ளூரிலிருந்தே எழுந்த மறுப்பும் கிடைத்துவிடும்.