புதிய வெளியீட்டுக்குப் பிறகு தமிழ்க் கையேட்டில் ஆங்கிலப் பத்திகள்: உதவி தேவை

வாவிக்கரை, மட்டக்களப்பு:

வணக்கம். பாடசாலை நூலகங்களின் இரவல் பதிவுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு திறந்த மூல மென்பொருளை வளர்த்து வருகிறோம். அதன் கையேட்டுத் தளத்தை ஸ்பிங்ஸில் (ஆவணங்களை இணையத்தளமாக்கும் கருவி) உருவாக்குகிறோம். மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் பிஓ கோப்புகளில் (ஆங்கிலப் பகுதியையும் அதன் தமிழையும் சோடியாக வைக்கும் கோப்புகள்) இருக்கிறது. கல்லடி, வந்தாறுமூலை, பொத்துவில் பக்கத்தில் நூலகப் பொறுப்பாக உள்ள ஆசிரியைகள் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள்.

புதிய வெளியீட்டில் பதிவுகள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் 'வால்' முறைக்கு மாற்றினோம். கையேட்டின் ஆங்கில மூலத்தைத் திருத்தி, மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் இற்றைப்படுத்தினோம். இப்போது 'காப்புப் பிரதி எடுத்தல்' அத்தியாயம் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வருகிறது. பிஓ கோப்பில் தமிழ் வாக்கியங்கள் அழியவில்லை. அவற்றின் மேலே 'ஃபஸி' என்றொரு குறி மட்டும் புதிதாக ஏறியிருக்கிறது. தவணை தொடங்கப் போகிறது. பழைய தமிழைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா?

இன்னொன்று: தேடல் பெட்டியில் 'நூலகம்' என்று இட்டால் சம்பந்தமில்லாத பக்கங்களே வருகின்றன.

கல்முனை நிரலர்:

ஆங்கில வாக்கியம் சற்று மாறியிருந்தால், பழைய தமிழை அதன் பக்கத்தில் வைத்து, 'ஒருமுறை சரிபாருங்கள்' என்று இடப்படும் குறிதான் ஃபஸி. அந்தக் குறி உள்ளவற்றைத் தளத்தை உருவாக்கும்போது ஸ்பிங்ஸ் விட்டுவிடும். 4.3 பதிப்பிலிருந்து இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. ஸ்பிங்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் கோப்பில் 'கெட்டெக்ஸ்ட் அலவ் ஃபஸி ட்ரான்ஸ்லேஷன்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். எல்லாம் தமிழில் வந்துவிடும்.

பழைய ஆசிரியர், ஏறாவூர்:

தங்கச்சி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தம்பி சொன்ன அமைப்பு வேலை செய்யும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வால் முறையில் புதிதாகப் பதிந்தவை சிறிது நேரம் பக்கத்தில் உள்ள வேறொரு கோப்பில் தங்கும். மென்பொருள் திறந்திருக்கும்போது பிரதான கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்தால் கடைசியாகப் பதிந்த இரவல்கள் பிரதியில் இல்லாமல் போகலாம். 'முதலில் மென்பொருளை மூடுங்கள்' என்ற வரி பழைய தமிழில் இருக்காது. ஆங்கிலப் பத்தியைக் கண்ட ஆசிரியை யாரிடமாவது கேட்பார். பிழையான தமிழைக் கண்டவர் கேட்கமாட்டார், நம்பிச் செய்துவிடுவார்.

புதிய ஆங்கில மூலத்தைப் பழைய பிஓ கோப்புகளுடன் இணைக்கும்போது எம்எஸ்ஜி மெர்ஜ் கட்டளையை 'ப்ரீவியஸ்' தெரிவுடன் இயக்குங்கள். பழைய ஆங்கில வாக்கியமும் பிஓ கோப்பிலேயே பதிவாகும். பழையதையும் புதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முற்றுப்புள்ளி மாறியதா, கட்டளையே மாறியதா என்று உடனே தெரியும். புள்ளி மட்டும் என்றால் குறியை நீக்குங்கள். மற்றதைத் திருத்தி எழுதிவிட்டு நீக்குங்கள். பிஓ கோப்புகளைத் திருத்தும் போஎடிட் மென்பொருளில் செய்வது சுலபம்.

ஆங்கில மூலத்தில் பத்திகளைச் சிறிதாக எழுதச் சொல்லுங்கள். ஸ்பிங்ஸ் ஒரு முழுப் பத்தியையே ஓர் அலகாக எடுக்கிறது. எட்டு வரிப் பத்தியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எட்டு வரியும் ஆங்கிலமாகிவிடும்.

அக்கரைப்பற்று வடக்கு:

தேடலைப் பற்றி. ஸ்பிங்ஸ் சொற்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் பைத்தான் நிரல்மொழி விதி எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. யூனிகோடில் நமது உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை. அவை குறி வகை. ஆகவே 'நூலகம்' என்பது 'ந', 'லகம' என்று இரண்டு துண்டாகிறது. உலாவியில் ஓடும் பகுதியும் அப்படியே வெட்டுகிறது.

தமிழுக்கென ஒரு தேடல் மொழி வகுப்பை (நிரலில் 'கிளாஸ்') எழுதி, பிரிக்கும் விதியில் தமிழ் யூனிகோட் தொகுதி முழுவதையும் சேருங்கள். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பகுதிக்கும் அதே விதியைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் பொருந்தாது. அப்போதும் 'நூலகம்' என்று தேடினால் 'நூலகத்தில்' அகப்படாது. 'நூலக' என்று தேடினால் இரண்டும் வரும். இதைத் தேடல் பெட்டியின் கீழேயே எழுதிவிடலாம். சொற்களின் விகுதிகளை நீக்கி வேரைக் கண்டுபிடிக்கும் ஸ்னோபால் தொகுப்பில் தமிழ் வேர்ச்சொல் நிரல் இருக்கிறது. அதைப் பிறகு இணைக்கலாம்.

வாவிக்கரை:

மிக்க நன்றி. சேர் சொன்னபடி ப்ரீவியஸ் தெரிவுடன் மீண்டும் இணைத்தேன். பெரும்பாலானவை நிறுத்தக்குறி மாற்றங்கள். காப்புப் பிரதி, மீட்டெடுத்தல் பகுதிகளில் மட்டும் படிமுறையே மாறியிருக்கிறது. அவற்றை இன்றே திருத்துகிறோம். தேடல் வகுப்பு உள்ளூரில் வேலை செய்கிறது. 'இரவல்' என்று தேடினால் சரியான பக்கம் முதலில் வருகிறது.

மீதிப் பத்திகள் ஆங்கிலமாக இருக்கும்வரை, தளம் பழுதாகிவிட்டதென்று ஆசிரியைகள் நினைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

பழைய ஆசிரியர்:

7.1 பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கப்படாத பத்திகளுக்குத் தனி அடையாளம் இடச் சொல்லலாம். 'ட்ரான்ஸ்லேஷன் ப்ரோக்ரஸ் கிளாசஸ்' என்ற அமைப்பில் 'அன்ட்ரான்ஸ்லேட்டட்' என்று கொடுத்துவிட்டு, ஸ்டைல் கோப்பில் அந்த வகைக்கு வெளிர் மஞ்சள் பின்னணி கொடுங்கள். பக்கத்தின் தலையில் 'மஞ்சள் பத்திகள் இன்னும் தமிழாக்கப்படவில்லை' என்று ஒரு வரியும், கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் போடுங்கள். மீட்டெடுத்தல் பகுதியின் தமிழை நான் சரிபார்த்துத் தருகிறேன், கோப்புகள் இருக்கும் இணையச் சேமிப்பகத்தின் முகவரியை இங்கே இடுங்கள்.