சுகர் கேம்ப்ல இன்னும் உறுத்துற ஒரு ரீடிங் சொல்லுங்க

பி.ஃபார்ம் மூணாம் வருஷம்
சந்தை வாசல், மே மாசம். மாம்பழம் அறுத்து விக்கிற அக்கா. ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு, காயவிட்டு, குத்தியாச்சு. 312. மெஷின் பிடிச்ச பையன் சத்தமாவே படிச்சுட்டான். "காலையில ரெண்டு இட்லிதானே தம்பி தின்னேன்"னு அக்கா விரலையே பாக்குறாங்க. நகக்கண்ல மஞ்சளா மாம்பழச் சாறு. சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சு, அடுத்த கை விரல்ல குத்தினா 118. ஆனா 312-ஐ வரிசையே கேட்டாச்சு.

ஃபார்ம்.டி சீனியர்
ஸ்பிரிட் கிருமிக்குத்தான் தம்பி, பழச் சர்க்கரையை எடுக்காது. ஸ்ட்ரிப் உறிஞ்சுறதே ஒரு மைக்ரோலிட்டர் அளவு ரத்தம்தான். அதுல துளி சாறு கலந்தாலே நம்பர் எகிறும். சோப்பு, தண்ணி, உலர்ந்த துணி மூணும் மெஷினுக்கு முன்னாடி மேசைக்கு வரணும். ஈர விரல்ல குத்தினா ரத்தம் நீர்த்துப்போய் நம்பர் இறங்கும், அதுவும் வம்பு.

இங்க உறுத்துறது வேற. நோட்டீஸ்ல ‘வெறும் வயிற்றில் வரவும்’னு மொட்டையா அச்சடிச்சிருந்தாங்க. சர்க்கரையை இறக்குற கிளிமிபிரைடு மாத்திரை எடுக்குற ஒரு பெரியவர், மாத்திரையை முழுங்கிட்டு சாப்பிடாம வந்துட்டார். ஒன்பதரை மணிக்கு டோக்கன் பையனோட சண்டை. கோவக்காரர்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. காலர் தொப்பலா நனைஞ்சிருக்கு, டோக்கன் பிடிச்ச கை நடுங்குது. குத்தினா 52. அரை டம்ளர் தண்ணியில மூணு டீஸ்பூன் சர்க்கரை. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு 84. அப்புறம் இட்லி. யாரோ கிரீம் பிஸ்கட் நீட்டினாங்க. கொழுப்பு இருக்குறதால அது மெதுவாத்தான் ஏறும், அந்த நேரத்துக்கு ஆகாது.

கம்யூனிட்டி ஃபார்மசி
எல்லாரும் மெஷினையே பிடிச்சுத் தொங்குறீங்க. இட்லி தின்னுட்டு வந்தவங்களுக்கு 118 வந்தா ‘ஒண்ணுமில்ல, போங்க’ன்னு அனுப்பிடுறதா? ஒரு குத்துல சர்க்கரை இல்லைன்னு முடிவு கட்ட முடியாது. இந்திய டயபடீஸ் ரிஸ்க் ஸ்கோர் எதுக்கு இருக்கு? வயசு 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதுக்கு மேலயும் 30. பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ. தொட்டா 10, 90 தொட்டா 20. ஆண்களுக்கு அதுவே 90, 100. உடற்பயிற்சியும் இல்ல, உடம்பு வணங்குற வேலையும் இல்லன்னா 30. ரெண்டுல ஒண்ணு இருந்தா 20. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்குமே இருந்தா 20. கூட்டினா 60 தொடுதா, அதிக ஆபத்து, லேபுக்கு அனுப்பு. வெறும் வயித்துல 126, இல்ல மூணு மாசச் சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி 6.5 — முடிவு அங்கதான், அதையும் இன்னொரு தடவை பார்த்துட்டு.

இதுலயும் சறுக்கும். 42 வயசு அம்மா, புடவைக் கொசுவத்து மேலயே டேப்பைச் சுத்தி 91-ன்னு எழுதிட்டாங்க. வயசுக்கு 20, இடுப்புக்கு 20, வேலை-உடற்பயிற்சிக்கு 20, மொத்தம் 60. மறைப்புக்குள்ள கூட்டிட்டுப் போய், ஒரு பொண்ணு கொசுவத்தைத் தளர்த்தி அளந்தா 86. மொத்தம் 50. ஒரு துணி மடிப்புல ‘அதிக ஆபத்து’ சீட்டு கைக்குப் போயிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்ட நிலையில அளக்கணும். கேம்புக்கு பசங்களை மட்டும் அனுப்பாதீங்க. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி வெயில்ல வைக்காதீங்க, இதையும் நானே சொல்லணுமா?

பி.ஃபார்ம் மூணாம் வருஷம்
அக்கா, அந்த மாம்பழக்காரங்களையும் ‘ஒண்ணுமில்ல, போங்க’ன்னுதான் சொல்லி அனுப்பினோம். இடுப்பு அளக்கல, அப்பா அம்மாவைப் பத்திக் கேக்கவும் இல்ல. டேப் பையிலயே இருந்துச்சு.