புதுப்பிப்பு: சூடாகி நின்றுபோகும் டெஸ்க்டொப், காரணம் தூசுதான்

போன கிழமை எழுதியிருந்தேன்: வீடியோ எடிட் செய்யத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கணினி தானாக நின்றுவிடுகிறது, பவர் சப்ளையை மாற்றவா என்று. முதலில் திறந்து பாருங்கள் என்று சொன்ன அண்ணாவுக்கு நன்றி. காசு மிச்சம்.

ஞாயிறு காலை வயரைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். ஃபேனை எடுத்தால், புரொசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு மேலே கம்பளித் துணி மாதிரி ஒரு படை. இரண்டு விரலால் பிடித்து இழுக்க முழுசாக உரிந்து வந்தது. வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. உப்பு ஈரத்தை இழுக்கும். கச்சான் காற்று கொண்டுவரும் தூசு அதோடு சேர்ந்தால் ஊதினாலும் போகாது. ப்ளோவரோடு பெயின்ட் பிரஷும் தேவைப்பட்டது.

ஒரு பிழை விட்டேன். ஃபேனைப் பிடிக்காமல் ஊத, அது விமானம் போலச் சுற்றியது. பேரிங் போய்விடலாம், விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வக்யூம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் பாகங்களைப் பழுதாக்கும் பயம் இருக்கிறது.

புரொசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் சூடு கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, பயறளவு புதிதாக வைத்தேன்.

புரொசசரின் சூடு முன்பு சும்மா இருக்கும்போதே 68 பாகை செல்சியஸ், வேலை கொடுத்தால் 99 காட்டிவிட்டுத் திரை கறுத்துவிடும். இப்போது சும்மா இருந்தால் 44, வேலை கொடுத்தாலும் கூடிப்போனால் 73. நேற்று தங்கச்சியின் சாமத்திய வீட்டு வீடியோ எடிட் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடி முடிந்தது. இடையில் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சத்தத்தைக் காணேல்ல, திரும்ப நிண்டுட்டுதோ?" என்றார்.