ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு எனக்கு?

ஒரு குடும்பத்தோடு தங்கி, சம்பளம் இல்லாமல் வேலை செய்யப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த முதல் ராத்திரி எனக்கு நல்ல பசி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஃபிரிட்ஜைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். விருந்தாளி என்றால் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். வாடகைக்கு இருப்பவள் என்றால் சொந்தமாக வாங்கி வைத்திருப்பேன். நானோ இரண்டுங்கெட்டான். தினமும் ஐந்து மணி நேர வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும் என்றுதான் பேச்சு. அதில் ஃபிரிட்ஜ் பற்றி ஒன்றும் இல்லை.

காலையில் ஹோஸ்ட் அம்மா, அதாவது என்னைத் தங்கவைத்த வீட்டுக்காரர், என்னைக் கேரட் பாத்திக்குக் கூட்டிப்போனார். களை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு வரிசையை முடித்துப் பெருமையாக நிமிர்ந்தேன். பாத்தி துப்புரவாக இருந்தது, ஏனென்றால் கேரட்டும் சேர்ந்து போயிருந்தது! அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. மண்ணில் மண்டியிட்டு, நான் பிடுங்கிப் போட்டதிலிருந்து இரண்டு செடியை எடுத்து, ஒவ்வொன்றாக விரலில் கசக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒன்றில் வெறும் பச்சை வாடை. இன்னொன்றில், நூல் மாதிரி இருந்த அந்த இலையிலேயே, கேரட் வாசனை. அதற்குப் பிறகு மூன்று வாரமும் சந்தேகம் வந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினேன். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தைகள் முப்பது இருந்தால் அதிகம்.

அன்று மத்தியானமே ஃபிரிட்ஜ் விஷயத்தைச் சைகையில் கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். கதவைத் திறந்து, நடுத்தட்டில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் துணியால் துடைத்துக் காட்டினார்.

இப்படிப் பண்ணைகளில் தங்கி வேலை செய்ய வழிசெய்யும் வூஃப் (WWOOF) அமைப்பு 1971-ல் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? லண்டனில் செக்ரட்டரியாக இருந்த சூ காப்பர்டு, நகரத்தில் அடைபட்டுக் கிடப்பவர்கள் வாரக்கடைசியில் இயற்கை விவசாயப் பண்ணைகளுக்குப் போய்க் கைகொடுக்கட்டும் என்று தொடங்கியது. அந்த ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் (WW) அப்போது ‘வாரக்கடைசி வேலை’யைத்தான் குறித்தன. அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. வாரக்கடைசிக்கு மேல் தாங்க முடியாத ஹோஸ்ட்களும் உண்டே.

* * *

கேரட் கதை எழுதியவரே, அந்த மாதிரி ஹோஸ்ட் ஒருவரிடம்தான் நான் மாட்டினேன். உங்களுக்கு நடுத்தட்டு கிடைத்தது, எனக்குக் கிடைத்தது ‘கொஞ்சம்’ என்ற வார்த்தை. சின்ன விடுதி, படுக்கை விரிப்பு மாற்றுவதும் அறை கூட்டுவதும் வேலை. காலை ஐந்து மணி நேரம் என்றார்கள். அப்புறம், சாயங்காலம் குழந்தைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள். ராத்திரி வருகிறவர்களுக்குச் சாவியைக் கொஞ்சம் எடுத்துக்கொடு. நோட்டில் மணி குறிக்க ஆரம்பித்தேன். எட்டாம் நாள் அதைக் காட்டியபோது, “குடும்பத்தில் யாராவது மணி பார்ப்பார்களா?” என்றார். மறுநாள் காலை கிளம்பிவிட்டேன். தனியாக அறை எடுத்துத் தங்கக் கையில் காசு இருந்ததால் முடிந்தது. அது இல்லாமல் இப்படிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

கிளம்பிய பிறகு அந்த ஹோஸ்ட்டின் பழைய ரிவ்யூக்களைத் திரும்பப் படித்தேன். அழகான மலை, அருமையான காற்று, நாய் ரொம்ப அன்பு. வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. பதிலுக்கு அவரும் நம்மைப் பற்றி மோசமாக எழுதிவிடுவாரோ என்று எல்லோரும் நாயைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் காற்றைத்தான் புகழ்ந்தேன்.

* * *

நீங்கள் இருவராவது போய்ச் சேர்ந்தீர்கள். எனக்கு ஹோஸ்ட் வீடு வரைக்கும் போகவே வாய்ப்பு வரவில்லை. ஏர்போர்ட்டில் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குடும்பத்தோடு தங்கித் தன்னார்வலராக வேலை செய்யப் போகிறேன் என்றேன், பெருமையாக வேறு. ‘வேலை’ என்ற சொல்லிலேயே அதிகாரியின் முகம் மாறியது. தனி அறையில் நான்கு மணி நேரம். போனை வாங்கி, ஹோஸ்ட் அனுப்பிய செய்திகளை எல்லாம் படித்தார்கள். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

சம்பளம் வாங்கவில்லையே, அப்புறம் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். பல நாடுகளின் சட்டத்தில் சாப்பாடும் தங்குமிடமும் கூலிக்குச் சமம். நியூசிலாந்தில் அப்படித்தான்: வெறும் விசிட்டர் விசாவில் போய்ப் பண்ணையில் தங்கி வேலை செய்ய முடியாது, வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். பிரிட்டனில் விசிட்டராகப் போகிறவர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், மொத்தம் 30 நாள் வரை, தன்னார்வ வேலை செய்யலாம். ஒரு வீட்டுத் தோட்டம் அதில் வராது. ‘சுற்றுலா என்று மட்டும் சொல்’ என்று ஹோஸ்ட்டே சொல்லிக்கொடுப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பொய் பிடிபட்டால் அந்த ஹோஸ்ட்டா வந்து நிற்பார்?

வேலையே வேண்டாம், மனிதர்களோடு இருந்தால் போதும் என்றால், பயணிகளைத் தங்கள் வீட்டில் தங்கவைப்பவர்களின் அமைப்பான செர்வாஸ் (Servas) இருக்கிறது. 1949-லிருந்து நடக்கிறது, வழக்கமாக இரண்டு ராத்திரி தங்கலாம், காசும் இல்லை வேலையும் இல்லை. அடுத்த தடவை நான் அப்படித்தான் போனேன். சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்ததற்கு, விடு என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார்கள். ராத்திரி ஒரு மணி வரை பேச்சு.

* * *

கேரட்காரிதான் மறுபடியும். நோட்டில் மணி குறித்தவருக்கு: நானும் இப்போது முதல் செய்தியிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த நாள் லீவு, ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் வரும். ஒரே ஒருவர் கோபப்பட்டார். அங்கே நான் போகவில்லை.