மறு: புகைக்குழாய்க்குப் ‘பரிவு நீளம்’

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் புகைக்குழாயின் ‘ட்யூன்ட் லெங்த்’ (tuned length), அதாவது குழாய்க்குள் திரும்பும் அலை புகையை இழுக்க உதவும்படி கணித்த நீளம், என்பதற்குச் ‘சரியான நீளம்’ என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தில் சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் பூட்டுகிறவர்களில் பலர், இத்தனை அடி வைத்தால் இழுவை கூடும் என்று நம்பித்தான் வெட்டுகிறார்கள். அந்தச் சொல் இந்த நம்பிக்கைக்கே துணைபோகும்.

நடப்பது இதுதான். புகை வால்வு திறந்ததும் ஓர் அமுக்க அலை குழாய் வழியே ஓடி, திறந்த முனையில் தாழமுக்க அலையாகத் திரும்புகிறது. வெளியேற்றடிப்பு (பிஸ்டன் புகையை வெளியே தள்ளும் அடிப்பு) முடியும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துவிடும். புகை 400 பாகை செல்சியசில் இருந்தால் அதற்குள் ஒலியும், ஆகவே இந்த அலையும், செக்கனுக்கு ஏறத்தாழ 520 மீற்றர் ஓடும். மெசி 135 இன் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் நிமிடத்துக்கு 1700 சுற்றில் உழும்போது, வால்வு திறந்து அடிப்பு முடிய 20 மில்லிசெக்கன் அளவில் ஆகிறது. அலை போய்த் திரும்ப வேண்டுமே, அப்படியானால் குழாய் ஐந்து மீற்றருக்கு மேல் வேண்டும். அதை எந்த உழவு இயந்திரத்தில் நிமிர்த்தி வைப்பது? நாலடிக் குழாயில் அலை 5 மில்லிசெக்கனுக்குள் திரும்பிவிடும், பயனில்லை.

ஆகவே அலைக்குரிய நீளத்துக்குத் தனிச்சொல் வேண்டும். ‘மீளலை நீளம்’ பொருளில் துல்லியமானது, ஆனால் பிள்ளைகள் அதை ‘அலைநீளம்’ என்று வாசித்துக் குழம்புவார்கள். ‘பரிவு நீளம்’ என்பதே என் தெரிவு. பரிவு என்பது இங்கே ரெசனன்ஸ் (resonance). உயர்தர வகுப்பில் பரிவுக்குழாய்ப் பரிசோதனை செய்த எவருக்கும், திறந்த முனையும் திரும்பும் அலையும் உடனே நினைவுக்கு வரும். ஒருமுறை திரும்பும் அலையைப் பரிவு என்பது கண்டிப்பாகப் பார்த்தால் தளர்வான வழக்குத்தான். கலைச்சொல்லில் அந்தளவு தளர்வு பரவாயில்லை. தமிழகத்து நண்பர்கள் ‘ஒத்திசைவு நீளம்’ என்று எழுதட்டும், இரண்டும் பக்கத்தில் நிற்கலாம்.

கராச்சில் (வாகனம் திருத்தும் இடத்தில்) குழாயை வெட்டும் அளவு வேறு விசயம். அதற்குக் ‘குழாய் உயரம்’ போதும், புதுச்சொல் தேவையில்லை. ஓட்டுபவரின் தலைக்கு மேலே புகை போக வேண்டும். யாழ்ப்பாணத்து நீர்வேலி வாழைத்தோட்டத்துக்குள் இறங்கும் இயந்திரமென்றால் இலையைக் கருக்காத அளவுக்கு அடங்கியும் நிற்க வேண்டும். குழாயின் விட்டம், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மனிபோல்ட்டின் வாயை விடச் சிறுக்கக் கூடாது. சிறுத்தால் பின்னமுக்கம் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அமுக்கம்) கூடிவிடும், நீளத்தை விட இதுதான் முக்கியம். உயர்ந்த குழாய்க்கு முட்டுக் கொடுக்காவிட்டால் அதிர்வில் அடியில் வெடிப்பு விழும்.

கார்த்திகை மழைக்குக் குழாயின் வாய்க்கு மேல் போடும் தகட்டை ‘மழைமூடி’ என்று சேர்த்துக்கொள்ளலாமா? மறுப்பிருந்தால் எழுதுங்கள்.