தொப்பூர் ஏத்தத்துல வண்டி இழுக்கலையா? டீசல் ஃபில்டர் அனுபவங்களைப் பகிருங்க

தர்மபுரி, டீசல் கார்:

தொப்பூர் கணவாய்னா எல்லாரும் இறக்கத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. அங்க நடக்கற விபத்துகளைப் பார்த்தா அது நியாயம்தான். ஆனா சேலத்துல இருந்து தர்மபுரி வர்றப்ப இருக்கற ஏத்தமும் நம்ம வண்டியைப் பத்தி ஒரு விஷயம் சொல்லும். டீசல் ஃபில்டர் அடைச்சிருந்தா முதல்ல தெரியறது அங்கதான்.

சமதளத்துல நிதானமா போறப்ப இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், பாதி அடைச்ச ஃபில்டர் கூட அதைக் கொடுத்துடும். ஏத்தத்துல ஆள், லக்கேஜ், ஏசியோட மிதிக்கறப்ப நிறைய டீசல் வேணும். அது வந்து சேரலைன்னா காமன் ரெயில்ல, அதாவது இன்ஜெக்டருக்கெல்லாம் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சற முனை) டீசலைப் பிரிச்சுக் கொடுக்கற பொதுக் குழாய்ல, அழுத்தம் இறங்கிடும், இன்ஜின் கம்ப்யூட்டர் பவரைக் குறைச்சிடும்.

எனக்கு நடந்தது இதுதான். மூணாவது கியர்ல முழுசா மிதிச்சும் வண்டி ஏறல. லோடு லாரி என்னைத் தாண்டிப் போச்சு. இன்ஜின் லைட் எரிஞ்சுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச தூரம் ஒழுங்கா போகும், மறுபடி அதே கதை.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டாங்க. பி0087-ங்கற எரர் கோடு வந்துது, அதாவது ரெயில் அழுத்தம் குறைவு. உடனே "ஹை பிரஷர் பம்ப் போச்சு சார், இன்ஜெக்டரையும் கழட்டி டெஸ்டுக்கு அனுப்பணும்"னு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தாங்க. காரோட விலையில நல்ல பங்கு வந்துது அந்தத் தொகை. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி. பழைய ஓனர் கொடுத்த பில்லெல்லாம் புரட்டினா ஆயில் ஃபில்டர் இருக்கு, ஏர் ஃபில்டர் இருக்கு, டீசல் ஃபில்டர் எங்கயுமே இல்ல. அதைக் காட்டி "முதல்ல இதை மாத்திப் பாருங்க"ன்னேன். அவங்களுக்கு அதுல இஷ்டமில்ல. வண்டியை வெளிய எடுத்துட்டு வந்துட்டேன்.

எங்க தெரு மெக்கானிக் அண்ணன் பழைய ஃபில்டரைக் கழட்டி அறுத்தே காட்டினார். உள்ள மடிப்பு மடிப்பா இருக்கற காகிதம் தார் பூசின மாதிரி கறுப்பு. விரலால தொட்டா வழவழன்னு ஒட்டுது. அடியில டீ நிறத்துல தண்ணி, அதுல துருத் துணுக்கு மிதக்குது. புதுசு போட்டு எரர் கோடை அழிச்சதோட சரி. அதே ஏத்தத்துல இப்ப நாலாவது கியர்லயே ஏறுது.

அந்த எரர் கோடு "அழுத்தம் வரல"ன்னு மட்டும்தான் சொல்லுது. பம்ப் கெட்டுதா, ஃபில்டர் அடைச்சுதா, டியூப்ல காத்து இழுக்குதான்னு சொல்றதில்ல. விலை குறைஞ்சதுல இருந்துதான் தேடிட்டு வரணும். உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

பாலக்கோடு, சரக்கு வண்டி:

எங்களுக்கு அடைப்பை விடத் தண்ணிதாங்க தொல்லை. தக்காளி லோடு ஏத்திட்டு ராத்திரியில கிளம்பறவங்க, வழியில நின்னா விடியறதுக்குள்ள மார்க்கெட் போய்ச் சேர முடியாது. அந்த நஷ்டத்தை யாரும் கொடுக்க மாட்டாங்க.

பாதி டேங்கோட ராத்திரியெல்லாம் நிக்கற வண்டியில, காத்துல இருக்கற ஈரம் உள்பக்கம் வேர்த்துத் தண்ணியா இறங்கும். தோட்டத்துல டிராக்டருக்கு வச்சிருக்கற கேன் டீசலை அவசரத்துக்கு ஊத்தினா அதுலயும் தண்ணி, தூசி வரும். டீசலை விடத் தண்ணி கனம். அதனால ஃபில்டர் கிண்ணத்துக்கு அடியில போய் உக்காந்துக்கும். அடியில ஒரு திருகு இருக்கும் பாருங்க, அது அதை வெளியேத்தத்தான்.

காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, ராத்திரியெல்லாம் அசையாம நின்னிருக்கறப்பவே, ஒரு தெளிவான கண்ணாடி பாட்டிலைக் கீழ பிடிச்சுத் திருகைத் தளர்த்துவேன். பாட்டிலை அப்படியே கொஞ்ச நேரம் வச்சா மேல டீசல், கீழ தண்ணின்னு கோடு போட்டுப் பிரியும். தண்ணி வர்றது நின்னு சுத்தமான டீசல் வந்ததும் மூடிடணும். ஆயில் மாத்தறப்பெல்லாம் இதைப் பண்றேன், மழை மாசத்துல இடையிலயும் ஒரு தடவை. டேஷ்போர்டுல தண்ணி எச்சரிக்கை லைட் எரிஞ்சா, "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்"னு ஓட்டவே கூடாது. தண்ணி இன்ஜெக்டருக்குப் போனா துருப்பிடிக்கும்.

கிருஷ்ணகிரி, பட்டறை:

ரெண்டு பேரும் சொன்னது சரி. எப்ப மாத்தறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகம்தான் கணக்கு. பல டீசல் கார்களுக்கு 20,000-ல இருந்து 40,000 கிலோமீட்டருக்குள்ள வரும். நம்ம பக்கம் கிரானைட் குவாரி, மாந்தோப்பு மண் ரோடுன்னு தூசியில ஓடற வண்டிக்கும், கேன் டீசல் ஊத்தற வண்டிக்கும் புத்தகக் கணக்குக்கு முன்னாடியே மாத்துங்கன்னு நான் சொல்லுவேன்.

மாத்தறதுல மூணு இடத்துலதான் தப்பு நடக்குது. முதல்ல, சுத்தம். ஃபில்டரைத் தொடறதுக்கு முன்னாடி அதோட தலை, டியூப் முனை எல்லாத்தையும் பிரஷ் போட்டுக் காத்தடிச்சுத் துடைச்சிடணும். இன்ஜின் ஆறியிருக்கணும், பேட்டரி நெகட்டிவைக் கழட்டியிருக்கணும். எந்த டியூப் எதுல இருந்துதுன்னு போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. பிளாஸ்டிக் லாக் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா உடையும், அமுக்கித்தான் எடுக்கணும்.

ரெண்டாவது, புது ஃபில்டர்ல டீசல் ஊத்தி நிரப்பறது. பழைய வண்டியில எல்லாரும் பண்ணினதுதான். காமன் ரெயில் வண்டியில நடு ஓட்டை வழியா ஊத்தவே கூடாது. அது சுத்தமான பக்கம். அங்க ஊத்தற டீசல் வடிகட்டாம நேரா பம்புக்குப் போகும். ஓ ரிங்ல (கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) மட்டும் டீசலைத் தடவிட்டு, பழைய ஃபில்டர்ல தண்ணி சென்சார் இருந்தா மறக்காம புதுசுக்கு மாத்திப் போடுங்க. கை பம்ப் இருந்தா கெட்டியாகற வரைக்கும் அமுக்குங்க. டேங்க்ல எலக்ட்ரிக் பம்ப் இருந்தா, பேட்டரியை மாட்டிட்டு, சாவியை ஆன்ல சில நொடி வச்சு ஆஃப், மறுபடி ஆன்னு சில தடவை பண்ணினா டீசல் ஏறிடும். அப்புறம்தான் செல்ஃப் அடிக்கணும், அதுவும் 10 நொடிக்கு மேல தொடர்ந்து வேண்டாம்.

மூணாவது உயிர் சம்பந்தப்பட்டது. ஏர் லாக் (டீசல் பைப்புல காத்து மாட்டிக்கிட்டது)னு சொல்லி இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்கற பழக்கம் இன்னும் சில பட்டறையில இருக்கு. காமன் ரெயில்ல டீசல் ஓடற அழுத்தம் 1,000 பாருக்கும் மேல. நம்ம கார் டயர்ல இருக்கறது சுமார் 2 பார்தான். அந்த வேகத்துல பீச்சற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போகும், வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகிடும். பசங்க யாரும் அதைத் தொட வேண்டாம்.

போலி ஃபில்டரும் வருது. அட்டைப் பெட்டி அச்சு அசல் மாதிரியே இருக்கும். திறந்து பார்த்தா மடிப்பு குறைவா, ஒழுங்கில்லாம இருக்கும். பில் கொடுக்கற கடையில வாங்குங்க.

ஓசூர், பெட்ரோல் கார்:

இந்தப் பேச்சைப் படிச்சுட்டு பெட்ரோல் காரங்க பயப்படாதீங்க. இப்ப வர்ற பல பெட்ரோல் கார்ல ஃபில்டர் டேங்க்குள்ள பம்போடயே சேர்ந்து இருக்கு, அடிக்கடி மாத்தற வேலையே இல்ல. என் காருக்கும் அப்படித்தான். புத்தகத்துல அப்படியொரு வேலையே கிடையாது, ஆனா ஒரு கடையில "பெட்ரோல் ஃபில்டர் மாத்தணும்"னாங்க. எங்க இருக்கு காட்டுங்கன்னதும் பேச்சு நின்னுடுச்சு.

பழைய கார்ல டேங்க் பக்கத்துல தனியா இருக்கும், அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கணும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு, வண்டி தானா அணையற வரைக்கும் ஓடவிட்டு, அழுத்தம் இறங்கினப்புறம்தான் கழட்டணும். மூடின ஷெட்டுக்குள்ள வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும்.

அரூர், டீசல் கார்:

எனக்கு பங்க்லயே நடந்துது. அடைமழை நாள், டேங்க் நிரப்பிட்டுக் கிளம்பினேன், கொஞ்ச தூரத்துல திணறி நின்னுடுச்சு. மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணாம கட்டி இழுத்துட்டுப் போனதால இன்ஜெக்டர் தப்பிச்சுது. ஃபில்டர் கிண்ணம் முழுக்கத் தண்ணி. டேங்க்கைக் காலி பண்ணி, ஃபில்டரை மாத்தினோம்.

பில்லோட அதே பங்க்குக்குத் திரும்பிப் போனேன். அளவுகோல்ல பேஸ்ட் தடவி நிலத்தடி டேங்க்ல விட்டுப் பாருங்கன்னேன். தண்ணி பட்டா அந்த பேஸ்ட் நிறம் மாறும். மாறிச்சு. அப்புறம்தான் செலவைக் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. அடர்த்தி, 5 லிட்டர் அளவு, பெட்ரோலுக்கு ஃபில்டர் பேப்பர் சோதனை இதெல்லாம் கேக்க நமக்கு உரிமை இருக்கு. பில் இல்லைன்னா எதையும் நிரூபிக்க முடியாது, வாங்கி வைங்க.

தர்மபுரி, டீசல் கார்:

அரூர் நண்பருக்கு நன்றி, பில் விஷயம் முக்கியம். பட்டறை அண்ணா, ஒரு சந்தேகம். புது ஃபில்டர் போட்ட மறுநாள் காலையில மட்டும் செல்ஃப் கொஞ்சம் நீளமா எடுக்குது. அப்புறம் நாளெல்லாம் ஒழுங்கா ஓடுது.

கிருஷ்ணகிரி, பட்டறை:

எங்கயோ காத்து இழுக்குது தம்பி. ராத்திரி நிக்கறப்ப டீசல் டேங்க்குக்கே இறங்கிடுது. ஃபில்டருக்கு வர்ற டியூப்போட கிளிப்பையும் ஓ ரிங்கையும் பாருங்க. ஓ ரிங் முறுக்கிட்டு உக்காந்திருந்தாலும் இப்படித்தான் வரும், டீசல் வெளிய கசியாது, காத்து மட்டும் உள்ள போகும். மாத்திப் போட்டுட்டு நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.