மலிவு பேட்டரி லைட்டுக்கு நல்ல சர்க்யூட்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

உசிலம்பட்டியிலிருந்து:

குறைந்த விலை பேட்டரி லைட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான் இருக்கும். ரெசிஸ்டர் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 4.2 வோல்ட்டில் இருக்கும்போது எல்.இ.டி. 3.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1 வோல்ட் ரெசிஸ்டரில் விழும், அரை ஆம்பியர் ஓடும். பேட்டரி 3.5-க்கு இறங்கும்போது அதே எல்.இ.டி. 3 வோல்ட் பக்கம் எடுத்துக்கொள்ளும், கால் ஆம்பியர்தான் ஓடும். சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே வெளிச்சம் பாதிக்கு வந்துவிடுகிறது. இருட்டோடு மல்லிகை மொட்டு எடுக்க இறங்குகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. எடுக்க ஆரம்பிக்கும்போது கண் கூசும், விடிவதற்கு முன்னால் மொட்டா இலையா என்று தெரியாது.

பெரிய எல்.இ.டி. வாங்கிப் போடுவதால் இது தீராது. முதலில் கரண்ட்டைக் கட்டுப்படுத்துங்கள், எல்.இ.டி.யைப் பிறகு பார்க்கலாம். அதற்குச் சுலபமான வழி ஏ.எம்.சி. 7135 என்ற மூன்று கால் சில்லு. பேட்டரி 4.2-ல் இருந்தாலும் 3.4-ல் இருந்தாலும் 350 மில்லி ஆம்பியரைத்தான் விடும். அது வேலை செய்ய எல்.இ.டி. வோல்ட்டுக்கு மேல் 0.12 வோல்ட் இருந்தால் போதும்.

இணைப்பு இப்படி: பேட்டரி பிளஸ் நேராக எல்.இ.டி. பிளஸுக்கும் சில்லின் வி.டி.டி. (பிளஸ் வாங்கும்) காலுக்கும் போகும். எல்.இ.டி. மைனஸ் சில்லின் அவுட் காலுக்கு. நடுக்காலும் பின்னாலுள்ள உலோகப் பட்டையும் ஒன்றுதான், அது பேட்டரி மைனஸுக்கு. ஓரத்துக் கால்கள் இரண்டில் எது அவுட், எது வி.டி.டி. என்பதை டேட்டாஷீட் (கம்பெனி தரும் விவரத்தாள்) படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், மாற்றி வைத்தால் வேலைக்கு ஆகாது. பழைய ரெசிஸ்டரைக் கழற்றிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் அதில் விழும் வோல்ட் வீணாகி, பேட்டரி 3.9 பக்கம் வந்ததுமே வெளிச்சம் சரிய ஆரம்பிக்கும். இரண்டு சில்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கால்களைச் சேர்த்து ஈயம் வைத்தால் 700 மில்லி ஆம்பியர்.

பேட்டரி பின்மண்டையிலோ இடுப்பிலோ இருக்கிற நெற்றி லைட்டில் வயர் நீளம். அதற்கு வி.டி.டி.க்கும் மைனஸுக்கும் நடுவே, சில்லுக்குப் பக்கத்திலேயே, 1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கண்டன்சர் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் சில சமயம் வெளிச்சம் நடுங்கும். உண்மையிலேயே 3000 மில்லி ஆம்பியர் மணி இருக்கிற 18650 (உருளை வடிவ லித்தியம்) பேட்டரி ஒன்று, ஒரு சில்லோடு எட்டு மணி நேரம் தாராளமாக ஓடும்.

மேலூரிலிருந்து:

அண்ணன் சொன்னது சரி. ஆனால் கரண்ட்டில் நேராகச் செருகிச் சார்ஜ் போடும் லைட்டைப் பிரிக்கிறவர்கள் இதையும் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். பின்னால் இரண்டு பின் நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, கூடவே ஒரு குட்டி போர்டு. அந்த போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 1 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் கண்டன்சர் ஒன்று, நாலு டயோடு, இவ்வளவுதான். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டன்சர் 70 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே விடும். செருகியிருக்கும்போது பேட்டரி முனை, எல்.இ.டி. தகடு, சுவிட்ச் எல்லாவற்றிலும் மெயின்ஸ் கரண்ட் நேராகவே இருக்கும். திறந்து வைத்துக்கொண்டு சார்ஜில் போட்டு மீட்டர் பிடிக்கவே கூடாது. கழற்றிய பிறகும் கண்டன்சரின் இரண்டு காலையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் ஒரு தடவை தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 18650 வைத்துவிட்டு, சார்ஜ் போர்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. அந்த போர்டுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 4.2 தாண்டியும் ஏற்றிக்கொண்டே இருக்கும், லித்தியம் அதைத் தாங்காது. போர்டையும் கழற்றுங்கள், வெளியே நீட்டும் பின்னையும் பிடுங்கிவிடுங்கள். பின் இருந்தால் வீட்டில் யாராவது ஒருநாள் பழக்கத்தில் செருகிவிடுவார்கள்.

பதிலாக டி.பி. 4056 என்ற லித்தியம் சார்ஜ் போர்டு, அதிலும் பேட்டரியைக் காக்கும் காப்புச் சில்லு உள்ள ஆறு முனை வகை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் உதிரி பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பேட்டரி, பி பிளஸ் - பி மைனஸில். லைட்டுக்குப் போகும் வயர் அவுட் பிளஸ் - அவுட் மைனஸில். லைட்டையும் பி முனையிலேயே கொடுத்தால் காப்பு இருந்தும் பயனில்லை. முதல் தடவை பேட்டரி இணைத்ததும் அவுட்டில் ஒன்றுமே வராமல் போகலாம். போர்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், ஒரு தடவை சார்ஜர் செருகினால் திறந்துகொள்ளும்.

இந்த போர்டில் 122 என்று எழுதிய சின்ன ரெசிஸ்டர் இருக்கும். 1.2 கிலோ ஓம், அதாவது 1 ஆம்பியர் சார்ஜ். காற்றே போகாத பிளாஸ்டிக் உடம்புக்குள் அது கொதிக்கும். அதை எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் வைத்தால் 580 மில்லி ஆம்பியருக்கு இறங்கும், கையும் பொறுக்கும். சார்ஜில் இருக்கும்போது லைட்டை எரியவிடாதீர்கள். கரண்ட் குறைவதைப் பார்த்துத்தான் போர்டு சார்ஜை நிறுத்தும். லைட் இழுத்துக்கொண்டிருந்தால் குறையவே குறையாது, நிறுத்தவும் செய்யாது.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த 18650 என்றால் முதலில் வோல்ட் பாருங்கள். 2.5-க்குக் கீழே கிடந்தது வேண்டாம். மற்றதை 4.2 வரை ஏற்றி ஒரு வாரம் சும்மா வைத்து மறுபடி பாருங்கள், 4.1-க்குக் கீழே வந்துவிட்டால் அதுவும் வேண்டாம். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அட்டையில் போட்டு விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அந்த அளவு 18650-ல் வரவே வராது. நல்லது 45 கிராம் பக்கம் எடை இருக்கும், இது கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும்.

திருமங்கலத்திலிருந்து:

எங்கள் பக்கம் லெட் ஆசிட்டுக்குப் பதிலாக 32650 (18650-ஐவிடப் பருமனான) லித்தியம் பாஸ்பேட் பேட்டரி போடுகிறோம். பம்புசெட் பக்கம் வெயிலில் கிடந்தாலும் 18650 அளவுக்குப் பயம் இல்லை. அதற்கும் டி.பி. 4056 ஆகுமா அண்ணே?

மேலூரிலிருந்து:

ஆகாது தம்பி. 4056 ஏற்றுவது 4.2 வரை, பாஸ்பேட்டுக்கு 3.65-தான் எல்லை. டி.பி. 5000 போர்டு வாங்குங்கள். அதில் 4.2, 3.6 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஈயம் வைக்கும் இடம் உண்டு. பேட்டரியைச் சேர்ப்பதற்கு முன் மீட்டரால் வோல்ட்டைப் பார்த்துவிடுங்கள்.

பாஸ்பேட்டோடு 7135 நன்றாகவே சேரும். 3.2 வோல்ட் பேட்டரி, 2.9 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. என்றால் சில்லில் சூடாக வீணாவது மிகக் கொஞ்சம். ஆனால் எல்.இ.டி. தரமானதாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத 1 வாட் எல்.இ.டி. அந்தக் கரண்ட்டுக்கே 3.3 கேட்கும், அதற்கு இந்த பேட்டரி எட்டாது.

செல்லூரிலிருந்து:

அலுமினிய உடம்பு ஜூம் லைட் பற்றிச் சொல்கிறேன். அதில் 17 மில்லி மீட்டர் வட்ட போர்டு போகும். எட்டு 7135 உள்ள போர்டு 2.8 ஆம்பியர் தரும், எல்.இ.டி.யில் 9 வாட்டுக்குக் கிட்ட. இந்த மலிவு உடம்பு அதைத் தாங்காது. எல்.இ.டி. உட்காரும் குப்பி உள்ளே காலி, சூடு வெளியே போக வழி இல்லை. நாலு சில்லைக் கழற்றி 1.4 ஆம்பியரில் நிறுத்துவது என் கணக்கில் சரியான அளவு. கண்ணுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான், சூடு பாதியாகும். எல்.இ.டி. அலுமினியத் தட்டுக்கு அடியில் ஹீட்சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள். ஐந்து நிமிஷம் எரியவிட்டுத் தலைப்பக்கத்தைப் பிடித்துப் பாருங்கள், ஐந்தாறு விநாடி பிடிக்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு சில்லைக் கழற்றுங்கள். சித்திரை வெயிலில் இதைச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. போர்டின் ஓரத்து மைனஸ் வளையத்தை அலுமினியக் குப்பியோடு ஈயத்தால் சேர்க்க மல்லுக்கட்ட வேண்டாம், இறுக்கமாக அழுத்தி வையுங்கள். பித்தளைக் குப்பியாக இருந்தால் ஒட்டும், அதற்கு 60 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும், 25 வாட்டில் ஈயம் உருண்டை உருண்டையாக நிற்கும். எல்.இ.டி. தட்டில் வயர் பற்றவைப்பதைக் குப்பிக்குள் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், உள்ளே வைத்தபின் சூடெல்லாம் உடம்புக்கு ஓடிவிடும்.

அடிக்கடி பார்க்கும் கோளாறு ரிஃப்ளெக்டர் வகை லைட்டில். உலோக ரிஃப்ளெக்டர் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், உடம்பு பேட்டரி மைனஸ். எல்.இ.டி. பிளஸ் வயரின் ஈயக்குமிழ் அதில் பட்டால் நேராக ஷார்ட், பேட்டரி சுடும். மைனஸ் குமிழ் பட்டால் கரண்ட் 7135 வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். தலையை முடுக்கியதும் லைட் திடீரென்று அதிகமாகப் பளிச்சென்று எரிந்தால் அர்த்தம் இதுதான். உடனே அணைத்துத் திறந்து பாருங்கள், ரிஃப்ளெக்டர் அடியில் சின்னக் கறுப்புப் புள்ளி இருக்கும். குமிழைத் தட்டையாக்கி, காப்டன் டேப்பை (சூடு தாங்கும், கரண்ட் கடத்தாத டேப்) வட்டமாக வெட்டி நடுவே வையுங்கள்.

கண்ணாடி ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி ரிஃப்ளெக்டர்மேல் வெள்ளையாகப் படியும், துடைத்தால் பளபளப்பும் சேர்ந்து போகும்.

உசிலம்பட்டியிலிருந்து:

எல்.இ.டி. நிறம் பற்றி ஒன்று. 6500 கெல்வின் நீல வெள்ளையைவிட 4000 கெல்வின்தான் பூந்தோட்டத்துக்கு நல்லது. வெள்ளை மொட்டும் பச்சைக் காம்பும் பிரிந்து தெரியும், பூச்சி முகத்தில் வந்து மொய்ப்பதும் குறையும். லூமன் (வெளிச்ச அளவு) கொஞ்சம் குறைவுதான், போகட்டும்.

கரண்ட் அளக்கும்போது மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸே ரீடிங்கைக் குறைத்துக் காட்டும். ஒரு சில்லுக்கு 10 ஆம்பியர் ரேஞ்சில் அளந்தால் பரவாயில்லை. 1.4 ஆம்பியருக்கு 0.1 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை வரிசையில் வைத்து, அதன் இரு முனைக்கும் நடுவே மில்லி வோல்ட் பாருங்கள். 140 காட்டினால் நாலு சில்லும் வேலை செய்கிறது. 105 என்றால் ஒன்று செத்திருக்கிறது, அல்லது அதன் நடுக்காலில் ஈயம் பிடிக்கவில்லை.